கூப்பிட்டால் கிணற்றை விட்டு ஏன் வர வேண்டும்?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களுக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். மாந்தோப்பும் கொஞ்சம் தென்னையும் உண்டு. சிண்டு என்று ஒரு லேப்ரடார் வளர்க்கிறோம். ஆண் நாய், இரண்டரை வயது. தண்ணீர் என்றால் அதற்கு உயிர். எங்கள் கிணற்றுக்குப் படி உண்டு, தானே இறங்கி நீச்சல் அடிக்கும். ஆனால் கூப்பிட்டால் மேலே வராது. எட்டிப் பிடிக்கப் போனால் எதிர்ப்பக்கம் நீந்திவிடும். ஒரு மணி நேரம் கழித்து அதுவாக வரும்போது என் வீட்டுக்காரர் குச்சியால் நாலு போடுவார். அப்படியும் திருந்தவில்லை. அவிழ்த்துவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடுகிறது. அதற்குப் படியும் இல்லை, சுற்றுச்சுவரும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பையன்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மேலே ஏறி, பக்கத்து வீட்டுப் பையன் முதுகில் நகத்தால் கீறிவிட்டது. லேசாக ரத்தம் வந்தது, மஞ்சள் பூசினோம். அன்றிலிருந்து ஐந்து நாளாகக் கட்டிப் போட்டிருக்கிறோம். ராத்திரி முழுக்கக் குரைக்கிறது. கருத்தடை செய்தால் அடங்கும் என்கிறார் ஒருவர், ஷாக் காலர் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஏழாவது படிக்கும் என் மகன் அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். சிண்டுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டும் இன்றைக்கே செய்ய வேண்டியவை.

முதலாவது அந்தப் பையன். நாயின் நகக்கீறலில் ரத்தம் வந்திருந்தால் மஞ்சளோடு விடக் கூடாது. அவனை இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் போவது அவன் அம்மாவுக்கும் ஒரு ஆறுதலாக இருக்கும். சிண்டுவின் தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எந்தத் தேதியில் போட்டது என்று மருத்துவர் பார்த்து, பையனுக்கு ஊசி வேண்டுமா என்று முடிவு செய்வார். அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் சிண்டுவுக்கும் போட வேண்டும். இனி எப்போது கீறினாலும் கடித்தாலும் முதல் வைத்தியம் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, சுவரில்லாத அந்தப் பக்கத்துக் கிணறு. லேப்ரடார் எவ்வளவு நன்றாக நீந்தினாலும், ஏறி வர வழியில்லாத கிணற்றில் அதன் பலம் கொஞ்ச நேரத்துக்குத்தான். சுவரைப் பிராண்டிப் பிராண்டிக் கை ஓய்ந்து மூழ்கிவிடும். அந்தத் தோட்டத்துக்காரரிடம் பேசி, முள்வேலியோ பழைய வலையோ கட்ட அனுமதி கேளுங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும். ஒருவேளை விழுந்துவிட்டால் யாரும் பின்னாலேயே குதிக்க வேண்டாம். 101-க்குப் போன் செய்யுங்கள், தீயணைப்பு வீரர்கள் வருவார்கள். அவர்கள் வரும்வரை நாய் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். நம் ஊரில் கயிற்றுக் கட்டிலின் நாலு காலிலும் கயிறு கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிக் கொடுப்பார்கள். நாய் தானாகவே அதன்மேல் ஏறி நின்றுகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி சிண்டு.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். "அதுவாக வரும்போது நாலு போடுவார்." உங்கள் வீட்டுக்காரரை நான் குறை சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கிணற்று மேட்டில் நின்று தொண்டை வறளக் கத்தினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்த அடியை நாயின் பக்கமிருந்து பாருங்கள். கூப்பிட்டபோது வராததற்காக அடி விழுகிறது என்று அதற்குத் தெரியாது. அடி விழும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது? தண்ணீரை விட்டு ஏறி உங்களிடம் வந்துகொண்டிருந்தது. அதனால் அது கற்றுக்கொண்டதும் அதைத்தான்: உள்ளே இருந்தால் சுகம், வெளியே வந்தால் அடி. இந்தக் கணக்கில் பிழையே இல்லை. குச்சி பெரிதாக ஆக, அது தண்ணீரில் இருக்கும் நேரமும் நீளும்.

அடிக்காத நாளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. "வா" என்று நீங்கள் எப்போது கூப்பிடுகிறீர்கள்? விளையாட்டு முடிந்து வீட்டுக்குப் போகும்போது மட்டும்தானே? வந்ததும் சங்கிலி, அப்புறம் வீடு, அப்புறம் மறுநாள் வரை தண்ணீர் கிடையாது. "வா" என்ற சொல்லுக்கு அதன் அகராதியில் "தண்ணீர் முடிந்தது" என்று அர்த்தம் ஏறிவிட்டது. அதை யார் விரும்புவார்கள்?

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருந்தது. ஊசி போட வேண்டிய நாளில் "வாடா" என்று கொஞ்சிக் கூப்பிட்டு, வந்ததும் அமுக்கிப் பிடித்துக் குத்துவேன். இரண்டு முறை வந்தது. மூன்றாம் முறை வேலிக்கு அந்தப் பக்கமே நின்று வாலை மட்டும் ஆட்டியது. என்மேல் அதற்கு அன்பு குறையவில்லை, என் சொல்லைத்தான் அது நம்பவில்லை. புதிதாக ஒரு சொல் கொடுத்துப் பழக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கால்நடை மருத்துவம் படித்த எனக்கே இது பட்ட பிறகுதான் புரிந்தது.

தண்ணீர்மேல் சிண்டுவுக்கு இருக்கும் ஆசையைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு கடலில் இறங்கி வலையும் மீனும் இழுத்து வேலை செய்த நாய்களின் வம்சம் லேப்ரடார். அதன் கால் விரல்களை விரித்துப் பாருங்கள், நடுவில் சவ்வு இருக்கும். வால் அடி பருத்து, துடுப்பு மாதிரி திருப்புவதற்கு உதவும். மேல்முடிக்கு அடியில் இன்னொரு அடர்ந்த முடி இருப்பதால் குளிர் சட்டென்று உறைக்காது. தண்ணீருக்காகவே வளர்த்தெடுத்த உடம்பு அது. அந்த ஆசையைக் கூலியாக வைத்தே வேலை வாங்க முடியும். கோழி ஈரலைவிட, பிஸ்கட்டைவிடத் தண்ணீர்தான் சிண்டுவுக்குப் பெரிய கூலி. கூப்பிட்டவுடன் வந்தால் திரும்பவும் தண்ணீர் கிடைக்கும் என்று அதற்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"வா" என்ற சொல்லைக் கொஞ்ச காலத்துக்கு மறந்துவிடுங்கள். பெட்டிக்கடையில் ஒரு விசில் வாங்கி மகன் கையில் கொடுங்கள். முதல் வாரம் கிணற்றுப் பக்கமே போக வேண்டாம். வீட்டு வாசலில் விசில் ஊத வேண்டும், உடனே வாயில் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். கட்டைவிரல் நகமளவு போதும், உப்பும் வெங்காயமும் சேர்க்காதது. ஊதியதும் ஈரல், ஊதியதும் ஈரல் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை. ராகிக் களி வைக்கும் நேரத்திலும் விசில் ஊதிவிட்டே தட்டை வையுங்கள். நாலைந்து நாளில், தூங்கிக்கொண்டிருந்தாலும் விசில் கேட்டதும் தலை வெடுக்கென்று திரும்பும். அப்போது தோட்டத்துக்குப் போகலாம்.

தோட்டத்திலும் நேராகக் கிணற்றுக்குப் போக வேண்டாம். மோட்டார் தண்ணீர் விழும் தொட்டி இருக்குமே, அங்கே ஆரம்பியுங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை வாங்கி, அதில் 30 அடி நூல் கயிறு கட்டுங்கள். நைலான் வேண்டாம், அது இழுக்கும்போது கையை அறுத்துவிடும். வீட்டிலிருந்து தொட்டி வரை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். கயிறு இறுகியதும் நீங்கள் அப்படியே நில்லுங்கள். திட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் நாள் ஐம்பது அடி தூரத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், இழுத்தால் வழி அடைபடும், தளர்ந்தால் வழி திறக்கும் என்பதை அது வேறெப்படியும் கற்காது.

தொட்டியை நெருங்கியதும் உட்காரச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கண் தண்ணீரிலேயே இருக்கும், முன்னங்கால் இரண்டும் துடிக்கும், வாயில் எச்சில் ஒழுகும். பின்பக்கம் தரையைத் தொட்டு ஒரு மூச்சு நேரம் நின்றாலும் போதும், "போ" என்று விட்டுவிடுங்கள். குதிக்கட்டும்.

ஒரு நிமிடம் விளையாடியதும் மகன் விசில் ஊதட்டும். முதல் தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தயங்கும். கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள். மீன் வந்த தூண்டிலைச் சுருட்டுகிற மாதிரி மெல்ல மெல்லச் சுருட்டினால் போதும். விளிம்புக்கு வந்ததும் மார்புப் பட்டையைக் கையால் தொடுங்கள், ஈரலைக் கொடுங்கள், உடனே "போ" என்று திரும்பவும் தண்ணீருக்குள் அனுப்பிவிடுங்கள். அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பாருங்கள். வந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து வந்த நாய், பிடிக்காமல் திருப்பி அனுப்பியதும் ஒரு கணம் அப்படியே நின்று உங்களை நிமிர்ந்து பார்க்கும். பாடம் அந்த ஒரு கணத்தில்தான் ஏறுகிறது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திருப்பி அனுப்புங்கள். பட்டையைத் தொடுவதை மட்டும் ஒரு முறைகூட விடாதீர்கள். கை நீண்டால் ஓடுகிற பழக்கம் அதில்தான் போகும்.

பத்தாவது, அதாவது கடைசி அழைப்புக்கு ஒரு தனிக் கூலி வையுங்கள். வந்ததும் நேராகச் சங்கிலியை மாட்டாமல் கரையிலேயே கொஞ்சம் விளையாடுங்கள். ஒரே மாதிரி மிதக்கும் ரப்பர் பொம்மை இரண்டு வாங்கிக்கொண்டால் ஒன்றை வைத்து இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம், பிடுங்க வேண்டியதில்லை. அன்றைய சாப்பாட்டில் பெரிய பங்கை அங்கேயே ஒரு தட்டில் வைத்தாலும் நல்லது. தண்ணீர் முடிந்தது என்ற வருத்தம் சோற்றில் கரைந்துவிடும்.

தொட்டியில் பத்துக்கு ஒன்பது முறை முதல் விசிலுக்கே வருகிறது என்ற நிலை வந்த பிறகு கிணறு. அதற்கு மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். கிணற்றில் இறங்குவதற்கு முன் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இது நாய்க்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் பிள்ளைகளுக்காகவும் சொல்கிறேன். தண்ணீருக்குள் போகும் ஒயர் எங்காவது தோலுரிந்திருந்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும். கிணற்றில் கயிறு எப்போதும் பெரியவர் ஒருவர் கையில் இருக்க வேண்டும், குழாயில் சுற்றிக்கொள்ள விடக் கூடாது. மேல்படியில் உட்கார்ந்து "போ" சொன்ன பிறகே இறங்க வேண்டும் என்ற பழக்கத்தை இங்கே கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு இறங்கும் நாய் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் கேட்காமல் குதிப்பதும் குறையும். ஆனால் அதை நம்பி வேலி கட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

இந்த ஆறு வாரமும் சிண்டுவை அவிழ்த்துவிட்டுத் தோட்டத்தில் ஓடவிட வேண்டாம். ஒரு தடவை தப்பி ஓடிக் குதித்தால் ஒரு வாரப் பாடம் போய்விடும்.

பையன்கள் மேல் ஏறுவது பற்றி. இதில் நான் கறாராகச் சொல்கிறேன், பிள்ளைகள் நீந்தும் தண்ணீரில் சிண்டு இருக்கவே கூடாது. அது கெட்ட எண்ணத்தில் ஏறுவதில்லை. கையும் காலும் அடித்துத் தண்ணீர் தெறிப்பதைப் பார்த்தால் அதற்கு உற்சாகம் தாங்காது. சில நாய்களுக்கு நம் ஆள் மூழ்குகிறாரோ என்ற பதற்றமும் சேர்ந்துகொள்ளும். எந்தக் காரணமாக இருந்தாலும், முப்பது கிலோ நாய் தோளில் கால் வைத்து அழுத்தினால் நன்றாக நீந்துகிற பையனும் தண்ணீர் குடித்துவிடுவான். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு நேரம், நாய்க்கு ஒரு நேரம். நாய் நேரத்தில் பெரியவர் கரையில் இருந்தே வேலை வாங்கட்டும், உள்ளே இறங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் நீந்தும்போது சிண்டு தூரத்தில் கயிற்றோடு உட்கார்ந்து பார்க்கட்டும். கத்தாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு துண்டு ஈரல். கத்தினால் இன்னும் பத்தடி பின்னால் தள்ளிப் போய் உட்காருங்கள். நகத்தையும் வெட்டிவிடுங்கள், வெட்டத் தெரியாவிட்டால் கால்நடை மருந்தகத்தில் செய்து தருவார்கள்.

ஷாக் காலர் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் பையனைப் பார்த்து நீந்தும்போது கழுத்தில் சுரீரென்று வலித்தால், அந்த வலி பையனால் வந்தது என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும். இன்று விளையாட்டுக்கு ஏறுகிற நாய் நாளை கடிக்கலாம். கருத்தடையைப் பொறுத்தவரை, அதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் தண்ணீர் ஆசை அதனால் குறையாது, கூப்பிட்டால் வருகிற பழக்கமும் அதனால் வந்துவிடாது. அந்த நம்பிக்கையில் செய்ய வேண்டாம்.

ராத்திரிக் குரைப்புக்குத் தனி வைத்தியம் தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம் நீந்திய நாயை ஐந்து நாள் அசையாமல் கட்டினால் அது குரைக்காமல் என்ன செய்யும்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அரை மணி நேர நடை தொடங்குங்கள், இரண்டு மூன்று நாளில் தூங்கிவிடும். நாயை நீண்ட நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் அடித்துத் துன்புறுத்துவதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

நீச்சல் அடிக்கும் நாய்க்கு வரும் உடம்புத் தொல்லைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. மோட்டார்க் குழாயிலிருந்து விழும் தண்ணீரைக் கடித்துக் கடித்து விளையாடுவது லேப்ரடார்களுக்குப் பெரிய சந்தோஷம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கடிக்கும் ஒரு மடக்கு உள்ளே போகிறது. அளவுக்கு மேல் போனால் ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துவிடும். வயிறு உப்பும், வாந்தி வரும், குடித்தவர் மாதிரி தள்ளாடும், அப்புறம் வலிப்பு வரும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே கூப்பிட்டு ஓய்வு கொடுங்கள். குழாய்த் தண்ணீரைக் கடிக்கிற விளையாட்டை நிறுத்திவிடுங்கள். நீந்தி வந்த நாய் தள்ளாடினால் "களைப்பு" என்று படுக்கப் போடாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மற்றவை சிறியவை. நீந்திய மறுநாள் வால் உடைந்த மாதிரி தொங்கினால் பயப்பட வேண்டாம், வால் தசை பிடித்துக்கொண்டிருக்கும். ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும், வலி அதிகமாக இருந்தால் காட்டுங்கள். மனிதருக்கான வலி மாத்திரை கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் காது மடலைத் தூக்கி மெல்லிய துணியால் துடைத்து உலரவிடுங்கள். எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீரிலிருந்து நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். வருடாந்திர ஊசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். மாங்காய் சீசனில் கிணற்றில் விழுந்து மிதக்கும் பழங்களை இறங்குவதற்கு முன் அள்ளிவிடுங்கள். கொட்டையோடு விழுங்கிக் குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

ஏரி, ஆறு என்று வெளியே கூட்டிப் போகும் ஆசை வந்தால், தென்பெண்ணையில் நுரையோ நாற்றமோ இருக்கிற நாளில் இறக்காதீர்கள். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் அந்த நுரை உங்களுக்குத் தெரிந்ததே, அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும் வருகிறது. தண்ணீரின் மேல் பச்சைப் பெயிண்ட் கொட்டியது மாதிரி பாசி படர்ந்திருந்தாலும் வேண்டாம், அதில் சில வகை கொடிய விஷம். பாரூர் ஏரி மாதிரி மீன் பிடிக்கிற ஏரிகளில் வலை எங்கே கட்டியிருக்கிறது என்று மீனவரிடம் கேட்டுவிட்டே இறக்க வேண்டும். ஒகேனக்கலில் காவிரியில் முதலை உண்டு, அங்கே கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

கடைசியாக, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். கூப்பிட்டால் வராத நாயை வாங்குகிறவர் அதைவிடக் குட்டையான சங்கிலியில் கட்டுவார். ஆறு வாரம் எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். குச்சியைத் தூக்கிப் போட உங்கள் வீட்டுக்காரரால் முடியாவிட்டால், அந்த ஆறு வாரமும் சிண்டு தண்ணீரில் இருந்து வரும்போது அவர் அங்கே நிற்காமல் இருந்தாலே போதும். விசில் மகனிடம் இருக்கட்டும், கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். மூன்றாவது வாரத்தில் தொட்டியில் விசில் ஊதும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். அது திரும்பிப் பார்க்கிற விதத்தைப் பார்த்து, கிணற்றுக்குப் போகலாமா என்று சொல்கிறேன்.